ஒல்லிக் கைக்கு வாட்ச் செயின் மாற்றிய அனுபவம்

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் தக்கலை பஸ்ஸில் ஏறுவதற்காகக் கம்பியைப் பிடித்தேன், கையிலிருந்த வாட்ச் கழன்று படியில் விழுந்தது. பின்னால் நின்ற அக்கா ஒருவர் "தம்பி, வாட்சு, வாட்சு" என்று சத்தம் போட்டதால் கிடைத்தது, இல்லையென்றால் அந்தக் கூட்டத்தில் மிதிபட்டே போயிருக்கும். கண்ணாடி தப்பித்தது. செயினைப் பிடித்திருக்கும் காதுகள் என்று வாட்சில் நாலு முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும், அதில் ஒன்றின் நுனியில் மட்டும் சின்ன நசுங்கல். சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் பூட்டு பூட்டியபடியே இருக்கிறது, செயினின் நடுவில் இரண்டு கண்ணிகள் பிரிந்து கிடக்கின்றன, அவற்றைக் கோத்திருந்த பின்னைக் காணோம்.

அதற்கு இரண்டு வாரம் முன்புதான் ஒரு கடையில் மூன்று கண்ணி எடுத்துச் செயினைச் சுருக்கியிருந்தேன். வீட்டுக்கு வந்து வெள்ளைத் துண்டை விரித்து, மீதி இருந்த பின்களையும் ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. என் செயினில் பின் தானாகப் பிடித்து நிற்பதில்லை. நடுத் துண்டின் துளைக்குள் கடுகளவில் ஒரு உலோகக் குழல் இருக்கிறது, பின் அந்தக் குழலுக்குள் இறுகி நின்றால்தான் நகராது. பின்னைத் தட்டும்போது குழல் சத்தமே இல்லாமல் கீழே உருண்டுவிடும். கடையில் அது விழுந்ததைக் கவனிக்காமல் வெறும் பின்னை மட்டும் சொருகிக் கொடுத்திருக்கிறார்கள், அது இரண்டு வாரம் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம். செயின் சுருக்கக் கொடுக்கிறவர்கள் எடுத்த கண்ணி, பின், குழல் எல்லாவற்றையும் எண்ணிக் கேட்டு வாங்குங்கள். கண்ணியின் உள்பக்கம் சின்ன அம்புக்குறி இருக்கும், பின் வெளியே வர வேண்டிய திசை அதுதான், திரும்பப் போடும்போது அம்புக்கு எதிர்த்திசையில் போட வேண்டும். குழல் இருக்கும் செயினில் முதலில் குழலை அதன் இடத்தில் உட்காரவைத்துவிட்டு அப்புறம் பின்னைத் தட்டுங்கள்.

அந்தச் செயினைச் சரிசெய்து மாட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் எனக்கு அந்த வாட்ச் முதலிலிருந்தே கையில் உட்காரவில்லை. ஷார்ஜாவிலிருந்து மாமா கொண்டுவந்து கொடுத்தது, 40 மி.மீ. விட்டமுள்ள ஆட்டோமேட்டிக், கனமான ஸ்டீல் செயின். கட்டிய முதல் நாளே மாமா பார்த்துவிட்டு, "கை ஒல்லிடே உனக்கு, வாட்சு பெரிசா தெரியுது" என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார், ஆசையாக வாங்கி வந்தவர் அல்லவா. அலுவலகத்தில் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். நானும் நம்பிவிட்டேன். 36 அல்லது 37 மி.மீ.தான் நமக்கு லாயக்கு, இதை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

செயின் அறுந்துகிடந்ததால் தற்காலிகமாக ஒரு சாதாரண 20 மி.மீ. அகலத் தோல் பெல்ட்டை மாட்டிக் கட்டினேன். அன்றைக்குக் காலையில் பீரோ கண்ணாடியில் பார்த்தபோது கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன். அதே வாட்ச், அதே கை, அளவாக இருந்தது. டயல் மேலே நடுவில் உட்கார்ந்திருந்தது, இரண்டு பக்கமும் பெல்ட் கையை ஒட்டிக் கீழே இறங்கியது. வாட்ச் பெரிது என்றால் தோல் பெல்ட்டிலும் பெரிதாகத்தானே தெரிய வேண்டும்? கோளாறு செயினில் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. செயின் வாட்ச் கையில் நிற்கவில்லை என்று நினைக்கிறவர்கள் எதையும் விற்பதற்கு முன்னால் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள், நூற்றைம்பது ரூபாய் பெல்ட்டே போதும்.

சரி, செயினில் என்னதான் கோளாறு? மில்லிமீட்டர் அளக்கும் வெர்னியரை எடுத்து அளந்தேன். மணிக்கட்டைச் சுற்றி நூல் வைத்து எடுத்த அளவு 160 மி.மீ. மேலிருந்து பார்த்தால் கையின் அகலம் 55 மி.மீ., அதில் தட்டையாக இருக்கும் பகுதி 48தான், அதற்கு மேல் இரண்டு பக்கமும் வளைய ஆரம்பித்துவிடுகிறது. வாட்சின் மேல் காது நுனியிலிருந்து கீழ்க் காது நுனி வரை 47 மி.மீ. தட்டையான 48-க்குள் அடங்கிவிடுகிறது, அதனால்தான் தோல் பெல்ட்டில் அளவாக இருந்தது. பழைய செயினை மாட்டி அளந்தால் அந்த 47 என்பது 53 ஆகிறது.

அந்த 6 மி.மீ. எங்கிருந்து வந்தது என்பதுதான் முக்கியம். காதுகளுக்கு நடுவில் உட்காரும் முதல் துண்டை வாட்ச் கடைகளில் எண்ட் பீஸ் என்பார்கள். அதில் இரண்டு விதம் இருக்கிறது. ஒன்றில் நடுப்பகுதி நாக்கு மாதிரி காதைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அடுத்த கண்ணி அந்த நாக்கின் நுனியில்தான் மடங்கும். இன்னொன்றில் எண்ட் பீஸின் நடுவில் பள்ளம் இருக்கும், அடுத்த கண்ணியின் நாக்கு அந்தப் பள்ளத்துக்குள் வந்து கோத்துக்கொள்ளும், அதனால் மடிப்பு காதின் நுனியிலேயே விழும். கதவுக் கீலை நிலையை ஒட்டி வைக்காமல் ஒரு கட்டையை நீட்டி அதன் நுனியில் வைத்தால் கதவு எப்படித் திறக்கும்? என் பழைய செயின் அப்படித்தான் இருந்தது. பக்கத்துக்கு 3 மி.மீ. நாக்கு. அந்த நாக்கு வளையாது, விறைப்பாக நிற்கும். காகிதத்தில் 40 மி.மீ. என்று போட்டிருந்தாலும் என் கையில் அது 53 மி.மீ. நீளமுள்ள வளையாத ஒரு பலகை. கையின் இரண்டு ஓரத்தையும் கிட்டத்தட்டத் தொட்டுவிட்டு, அதற்கு அப்புறம்தான் செயின் கீழே இறங்கும். காதுக்குக் கீழே பக்கவாட்டில் பார்த்தால் தோலுக்கும் செயினுக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தது.

கடையிலேயே இதைப் பார்த்துவிடலாம். வாட்சைப் படுக்கைவாட்டில் பிடித்துச் செயினை இரண்டு பக்கமும் தொங்கவிடுங்கள். செயின் எந்த இடத்தில் நேராகக் கீழே விழுகிறதோ, அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே உள்ள தூரம்தான் உங்கள் கைக்கு உண்மையான அளவு. வாட்சின் விட்டம் அதற்கு அடுத்துதான்.

இரண்டாவது, கண்ணியின் நீளம். பழைய செயினில் ஒவ்வொரு கண்ணியும் 9.5 மி.மீ. நீளம். நீளமான கண்ணிகளால் சின்ன வட்டத்தைச் சுற்றினால் பலகோணமாகத்தான் வரும், வளைவு வராது. கூடவே ஒரு கண்ணி எடுத்தால் இறுக்கம், ஒன்று சேர்த்தால் தளர்வு என்று இழுபறி. மூன்றாவது, பூட்டு. இதை யாரும் வாங்கும்போது திருப்பிப் பார்ப்பதே இல்லை. செயினில் வளையாத துண்டுகளில் மிக நீளமானது பூட்டுதான். என்னுடையதில் முக்குளிப்பவர்களுக்காக நீட்டிக்கொள்ளும் மடிப்புத் தகடும் சேர்ந்து 44 மி.மீ. இருந்தது. மேலே 53, கீழே 44, இரண்டு பலகைகளுக்கு நடுவில் ஒரு ஒல்லிக் கை. மேஜையில் கையை வைத்து எழுதும்போதெல்லாம் பூட்டின் ஓரம் அழுத்தி மாலையில் தோலில் கோடு விழுந்திருக்கும்.

தோற்றத்துக்கு வந்தால், பழைய செயின் காதிலும் 20 மி.மீ., பூட்டிலும் 20 மி.மீ. எங்கும் குறுகவில்லை. கையோ கீழ்ப்பக்கம் போகப் போகக் குறுகலாகத் தெரிகிற ஒன்று. அதனால் கையை எந்தப் பக்கம் திருப்பினாலும் செயின்தான் முதலில் கண்ணில் பட்டது, டயல் அப்புறம்தான். போதாததற்கு நடுவரிசை முழுக்கக் கண்ணாடி போல் பாலிஷ். வெயிலில் அந்த வரிசை மின்னும்போது செயின் இன்னும் அகலமாகத் தெரியும். கல்யாண வீட்டில் பரவாயில்லை, பகல் வெளிச்சத்தில் பைக் ஓட்டும்போது கண்ணைக் குத்தியது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போனைக் கையருகே பிடித்துப் படம் எடுத்து வாட்ச் பெரிதா சின்னதா என்று முடிவு செய்யாதீர்கள். பக்கத்தில் இருக்கும் பொருளைப் போன் கேமரா பெரிதாக்கிக் காட்டும், கை பின்னால் ஒடுங்கிவிடும். நமக்கு முன்னால் நிற்கிறவர்கள் ஆறடி தள்ளி நின்றுதான் பார்க்கிறார்கள். ஆளுயரக் கண்ணாடி முன்னால் கையைத் தொங்கவிட்டுப் பாருங்கள், அதுதான் நிஜம்.

புதுச் செயின் தேடும்போது எனக்கு வேண்டியது தெளிவாக இருந்தது: பள்ளம் வைத்த எண்ட் பீஸ், சின்னக் கண்ணி, 20-லிருந்து 16 மி.மீ. வரை குறுகும் செயின், சின்னப் பூட்டு. ஜூபிலி வகையைத் தேர்ந்தெடுத்தேன். 1945-ல் ரோலக்ஸ் தன் நாற்பதாவது ஆண்டில் டேட்ஜஸ்ட் வாட்சோடு கொண்டுவந்த அமைப்பு அது, குறுக்கே ஐந்து துண்டுகள், நடுவில் மூன்று சின்னவை. இன்றைக்கு எல்லா விலையிலும் அந்த மாதிரியில் செயின் கிடைக்கிறது. துண்டுகள் சின்னதாக இருப்பதால் துணி மாதிரி வளைந்து கொடுக்கும். பளபளப்பு கொஞ்சம் இருந்தாலும் சின்னச் சின்னத் துண்டாகச் சிதறிவிடுவதால் பட்டையாக மின்னாது. ஸ்டீல் 316எல் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்தேன். அதில் இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினம் கலந்திருக்கும், 304 ஸ்டீலில் அது கிடையாது, உப்பைத் தாங்குவதில் வித்தியாசம் அங்கேதான் வருகிறது. மாமா வீடு குளச்சலில் கடலை ஒட்டி. அந்தக் காற்றில் மலிவான செயினின் பின் ஓரங்களில் புள்ளி புள்ளியாக அரித்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். விலை 1,850 ரூபாய் ஆனது.

வந்த செயின் அப்படியே பொருந்தவில்லை. இன்னொரு வாட்சுக்கென்று வளைத்த எண்ட் பீஸ் என்பதால் காதுகளுக்கு நடுவே முக்கால்வாசி போய் நின்றுவிட்டது, செயினைக் காதுகளோடு கோக்கும் ஸ்பிரிங் பின் துளைக்கு நேரே வரவில்லை. இங்கேதான் அவசரப்படக் கூடாது. முதலில் காதுகள் மேல் இரண்டு சுற்று செலோ டேப் ஒட்டினேன். எண்ட் பீஸின் உள்வளைவில் கறுப்பு மார்க்கர் பூசி, உள்ளே தள்ளி, வெளியே எடுத்துப் பார்த்தேன். வாட்ச் கேஸில், அதாவது அதன் உடலில், உரசுகிற இடத்தில் மட்டும் கறுப்பு அழிந்து ஸ்டீல் தெரிந்தது. அந்த இடத்தில் மட்டும் ஊசி அரத்தால் நாலைந்து இழுப்பு. மறுபடி மார்க்கர், மறுபடி தள்ளிப் பார்ப்பது. ஒரு பக்கத்துக்கு ஏழு தடவை ஆனது, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க. கூடுதலாக அரத்தை இழுத்துவிட்டால் எண்ட் பீஸுக்கும் கேஸுக்கும் நடுவில் இடைவெளி வந்துவிடும். எவ்வளவு நல்ல வாட்சாக இருந்தாலும் அந்த இடைவெளி ஒன்று போதும், வேறு எதிலிருந்தோ பிடுங்கி மாட்டியது போல் தெரியும். கடைசி இரண்டு தடவை அரத்தைத் தொடாமல் 600 நம்பர் வாட்டர் பேப்பரால் மட்டும் தேய்த்தேன். உள்ளே போய் உட்கார்ந்தபோது காதில் கேட்ட அந்தச் சின்ன 'டிக்' சத்தம் இன்னும் நினைவிருக்கிறது.

செயினோடு வந்த ஸ்பிரிங் பின் 1.5 மி.மீ. தடிமன், துளைக்குள் ஆடியது. 1.8 வாங்கிப் போட்டேன், ஆட்டம் நின்றது. தடிமனை மாற்றும்போது பின்னின் நுனி காதின் துளைக்குள் போகிறதா என்று முதலில் பாருங்கள். இந்த வேலையைத் தெளிவான பாலித்தீன் கவருக்குள் கைவிட்டுச் செய்வது நல்லது, ஸ்பிரிங் பின் தெறித்தால் கவருக்குள்ளேயே கிடக்கும். காது நுனியில் இருந்த நசுங்கலை நான் தொடவில்லை. அதைத் தேய்த்துச் சமப்படுத்தினால் காதின் விளிம்பே மழுங்கிப் போகும்.

கண்ணி எடுக்கும் வேலை மட்டும் மிச்சம். இதைக் கோட்டாறில் சின்னதாக வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் கொண்டுபோனேன். நான் பாதிப் பாதியாக இரண்டு பக்கமும் சமமாக எடுக்கச் சொன்னேன். அவர் எடுக்கவில்லை. செயினை முழு நீளத்தில் என் கையில் மாட்டி, டயலை மேலே நடுவில் வைத்துப் பிடித்துக்கொண்டு, கையைக் கவிழ்த்துப் பூட்டு எங்கே வருகிறது என்று காட்டினார்.

"கை ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்காது மக்களே. ஆறு மணிப் பக்கம் கொறையணும், பன்னெண்டு பக்கம் கூட இருக்கணும். பூட்டு நடுவுல வந்துட்டா செயின் கையில கெடக்கும், தொங்கப்பிடாது."

பழைய செயினில் அந்தக் கடை மூன்று கண்ணியையும் ஆறு மணிப் பக்கத்திலேயே எடுத்திருந்தது. அதனால் டயல் எப்போதும் கட்டைவிரல் பக்கம் சாய்ந்து நின்றது, நானோ வாட்ச் கனம் அதிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆறு மணிப் பக்கம் குறைய வேண்டும் என்பது சரிதான், ஆனால் அளவாகக் குறைய வேண்டும். அண்ணாச்சி ஒரு கண்ணி எடுப்பார், மாட்டுவார், கையை உதறச் சொல்வார், பார்ப்பார், மறுபடி எடுப்பார். பன்னிரண்டு மணிப் பக்கம் 8 கண்ணி, ஆறு மணிப் பக்கம் 6 கண்ணி மிச்சம் என்று வந்து நின்றது. எடுத்த கண்ணிகளையும் பின்களையும் பேப்பரில் பொதிந்து நான் கேட்காமலே கையில் கொடுத்தார். கூலி ஐம்பது ரூபாய் கேட்டார், நூறு கொடுத்தேன், மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நம் ஊர் வெயிலையும் புழுக்கத்தையும் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். ஏப்ரல் மாதம் காலையில் எழுந்ததும் 160 மி.மீ. இருக்கும் என் மணிக்கட்டு, மதியம் வெயிலில் வந்து நிற்கும்போது 164. காலையில் கச்சிதமாக வைத்துக்கொண்டு போனால் மதியம் ரத்த ஓட்டம் நிற்கிற மாதிரி இறுக்கும். அதனால் கண்ணி அளவை மதியக் கைக்கு வைத்துக்கொண்டு, பூட்டின் ஓரத்தில் இருக்கும் சின்னத் துளைகளால் சரிக்கட்டுவதுதான் வசதி. என் புதுப் பூட்டில் நாலு துளைகள், ஒன்றுக்கொன்று 2.5 மி.மீ. தூரம். பல்குத்தும் குச்சியால் ஸ்பிரிங் பின்னை அழுத்தி அடுத்த துளைக்கு நகர்த்த அரை நிமிஷம். மழைக்காலத்தில் உள்ளே ஒரு துளை, கோடையில் வெளியே ஒரு துளை. செயினுக்கும் தோலுக்கும் நடுவே சுண்டுவிரல் நுனி நுழைந்தால் எனக்குச் சரியாக இருக்கிறது. அதற்கு மேல் தளர்வாக விட்டால் வாட்ச் வளையல் மாதிரி ஏறி இறங்கும், ஒவ்வொரு ஏற்றத்திலும் பின்கள் தேயும், வருஷம் போகப் போகச் செயின் தொய்ந்துவிடும்.

ஜூபிலி செயினில் ஒரு குறை இருக்கிறது, இடுக்குகள் அதிகம். வியர்வையும் தூசியும் சேர்ந்து கறுப்பாக அடையும், அந்த அழுக்கே அரம் போல் பின்னைத் தேய்க்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை செயினை மட்டும் கழற்றி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசித் துணியில் உலர்த்துகிறேன். குளச்சல் போய்விட்டு வந்தால் அன்றைக்கே.

இப்போது ஒரு பக்க மடிப்பிலிருந்து மறுபக்க மடிப்பு வரை அளந்தால் 47 மி.மீ.தான், தோல் பெல்ட்டில் இருந்த அதே அளவு. பூட்டு 36 மி.மீ., கையின் கீழ்ப்பக்கத்தில் அடங்கிவிடுகிறது. செயின் பூட்டை நோக்கி ஒடுங்கிப் போவதால் பார்வை தானாக டயலுக்கு வருகிறது. மூன்று மாதமாகத் தினமும் கட்டுகிறேன், தோலில் கோடு விழுவதில்லை.

லீவில் வந்த மாமா பார்த்துவிட்டு, "வாட்ச மாத்திட்டியா?" என்று கேட்டார். செயின் மட்டும்தான் என்று சொன்னதும் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் தன் கையிலிருந்த சீக்கோ 5-ஐக் கழற்றி என்னிடம் கொடுத்தார். தொண்ணூறுகளில் வாங்கியது, 37 மி.மீ., காது இடைவெளி 18. தகட்டை மடித்துச் செய்த கண்ணிகள், எடை குறைவு, கையில் அருமையாக வளையும், ஆனால் வெற்றுத் தகடான எண்ட் பீஸ் தளர்ந்து கலகலவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. மெல்லிய நோஸ் பிளையரின் வாயில் துணி சுற்றி, எண்ட் பீஸின் அடியில் ஸ்பிரிங் பின்னைச் சுற்றி நிற்கும் இரண்டு தகட்டு நாக்குகளையும் தலைமுடி அளவுக்கு உள்ளே அழுத்தி மாட்டினேன். சத்தம் நின்றுவிட்டது. கண்ணிகளுக்கு நடுவே இருக்கும் தொய்வை எடுக்க முடியாது, பின் துளைகளே நீண்டுபோயிருக்கின்றன. அதே அகலத்தில் சின்னக் கண்ணியோடு 18 மி.மீ. செயின் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன், அவர் கிளம்புவதற்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது.